தபால்காரரின் ரோஸ் பேண்ட்

அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு கல்யாணத்தை நிறுத்தத்தான் வருவார்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, பெண் வீட்டில் யாருக்காவது பைத்தியமா. அன்று வந்த பெண் ஒரு கல்யாணத்தை நடத்தித் தரச் சொன்னாள். அதுவும் தன்னுடைய கல்யாணத்தை.

"அதுக்கு எதிர் மாடியில புரோக்கர் இருக்காரே" என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாய் மூடாததால் தெருவில் வைத்தது. அண்ணியின் கணவருக்குத் தம்பி. அலுவலகத்தில் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருகிறவர் எல்லாம் அவன்தான். அண்ணி அதிகம் பேச மாட்டார். குடும்பத்துக்கு என்று ஒதுக்கிய பேச்சில் அண்ணியின் பங்கையும் தம்பியே எடுத்துச் செலவழித்துவிட்டதாக அண்ணன் சொல்வார்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கை அளவு. மேலே ஒரு பிளவு, கீழே சீப்பு மாதிரி வரிசையாகச் செப்புப் பட்டைகள்.

"இதுதான் மேடம் எங்க கல்யாணத்தை நிறுத்தினது."

ரேடியோ அதை முகர்ந்து பார்த்தான். "எலிப்பொறியா?"

"சீட்டிங் பாக்ஸ். பழைய வீடியோ கேம் மிஷின்ல கேசட் சொருகற இடத்துல முதல்ல இதைச் சொருகணும். இதுக்கு மேல கேசட்டைச் சொருகணும். நடுவுல உக்காந்துகிட்டு இது கேமை ஏமாத்தும். எத்தன அடி வாங்கினாலும் நம்ம ஆளுக்கு உயிர் குறையாது."

"ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உக்காந்து ஏமாத்துதா. அப்ப இதுவும் புரோக்கர்தான்."

"தம்பி" என்றார் அண்ணி. அவன் வாயை மூடினான். கொஞ்ச நேரத்துக்கு.

பெண் கதையைச் சொன்னாள். அவள் அப்பா பல் டாக்டர். வீட்டில் அவள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய ஒரு கேம் மிஷின். அதில் ஒரே ஒரு கேம். ஒரு தபால்காரர் வீட்டுக் கூரைகள்மேல் தாவித் தாவித் தபால் போடுவார், தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்து துரத்தும். அப்பாவை அந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் குடும்பத்தில் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அப்பா வழக்கம்போல் அந்தப் பெருமையை ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா, ரிட்டயரான கணக்கு டீச்சர், "நானும் ஒரு கை பாக்கறேனே" என்று கன்ட்ரோலரை வாங்கினார். அப்பாவை விட அதிகமாகத் தபால் போட்டு ஜெயித்துவிட்டார்.

"ஹால்ல எல்லாரும் அப்பாவையே பார்த்தாங்க மேடம். என் தாய்மாமாதான் எழுந்து போய், டிவிக்குக் கீழ மிஷின் மேல போட்டிருந்த துணியைத் தூக்கினார். உள்ள இது சொருகி இருந்துச்சு. ‘சம்பந்தியம்மா எதுக்கு இவ்வளவு பெரிய ஹேண்ட்பேக் கொண்டு வந்தாங்கன்னு இப்பத்தான் புரியுது’ன்னு சொல்லிட்டார்."

"ஹேண்ட்பேக்ல என்ன இருந்துச்சு?" என்றார் அண்ணி.

"எனக்கு எடுத்த புடவை."

ரேடியோ பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"அத்தை எழுந்துட்டாங்க. ‘ஆயுசு பூரா காப்பியடிக்கிறவங்களைப் பிடிச்சவ நான், என்னைப் பார்த்தா இந்தப் பேச்சு? என் மேல தப்பில்லன்னு தெரியற வரைக்கும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்’னு போய்ட்டாங்க. அப்பா தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறார். அவர் அம்மா பேச்சை மீற மாட்டார், என்னையும் விட மாட்டார். ரெண்டு பக்கமும் போன் போட்டு அழுதுகிட்டிருக்கார்."

அவர் என்றது மாப்பிள்ளையை. இவள் அழவில்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

"அன்னிக்கு மிஷினைப் போட்டது யாரு?"

"அப்பாதான் மேடம். எப்பவும் அவர்தான் போடுவார். மிஷின் சூடாகற வரைக்கும் வேற யாரும் ஹால்ல இருக்கக் கூடாது."

"அது என்ன, அயர்ன் பாக்ஸா?" என்றான் ரேடியோ.

அண்ணி சிரிக்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு குடும்பத்தாரும் சேர்ந்து நின்ற ஒரு போட்டோவையும் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

பழைய கேம் மிஷின் கடை, ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் லேமினேஷன் கடை, இன்னொரு பக்கம் கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றுகிறவர். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். மேலே படியில் யார் ஏறி இறங்கினாலும் தலையைக் குனிந்துகொண்டார். இடித்து இடித்துப் பழகிய தலை.

பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதெல்லாம் இப்ப யார் வச்சிருக்காங்க. இது வந்த புதுசுல வரிசையில நின்னு வாங்கினாங்க தெரியுமா?"

"நல்லா வேலை செய்யுமா அண்ணே?" என்றான் ரேடியோ.

"பாதி வேலை செய்யாது."

"அப்புறம் எப்படி வித்தீங்க?"

"ஒருத்தன்கூடத் திருப்பிக் கொண்டாந்து குடுத்ததில்ல தம்பி. எப்படிக் குடுப்பான்? ‘ஏமாத்தறதுக்காக வாங்கினேன், இது சரியா ஏமாத்த மாட்டேங்குது’ன்னு நாலு பேர் முன்னாடி கவுன்டர்ல நின்னு சொல்லணுமே. இதை மாதிரி ஒரு வியாபாரம் அதுக்கப்புறம் எனக்கு அமையவே இல்ல."

ரேடியோவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

"ஜனங்க ஏன் வாங்கறாங்க?" என்றார் அண்ணி.

"சாகறதுக்குப் பயம் மேடம், வேற என்ன. இது சொருகி இருக்குன்னு தெரிஞ்சா போதும், கை நடுங்காது. நம்ம மேல எவ்வளவு நாய் பாஞ்சா என்னன்னு ஒரு தைரியம் வந்துரும்."

அண்ணி போட்டோவை நீட்டினார். "இதுல யாராவது உங்க கடைக்கு வந்திருக்காங்களா?"

கடைக்காரர் பூதக்கண்ணாடியை இறக்கினார். பல் டாக்டரைத் தாண்டினார், தாய்மாமாவைத் தாண்டினார். கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாளின்மேல் விரல் நின்றது.

"இந்தம்மாவா? நல்லாத் தெரியுமே. கொஞ்ச நாளைக்கு முன்னாடி தினம் வருவாங்க. இந்த ஸ்டூல்லதான் உக்காருவாங்க. அதே தபால்காரர் கேம்."

ரேடியோ அண்ணியின் பக்கம் திரும்பினான். கணக்கு டீச்சர். புடவை எடுத்து வந்த அம்மாள் என்று மனசுக்குள் அவர் கட்சியில் சேர்ந்திருந்தான்.

"போச்சு" என்றான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது, கல்யாணமும் முடிஞ்சுது. பொண்ணுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா? நான் சொன்னா கொஞ்சம் நீளமாப் போகும்."

"இங்க வந்து என்ன பண்ணாங்க?" என்று அண்ணி கடைக்காரரைக் கேட்டார்.

"ஆடினாங்க. மொதல் நாள் முதல் நாய்கிட்டயே செத்தாங்க. ‘வரப்போற சம்பந்தி இதுல பெரிய ஆளாம், வீட்டுக்குப் போனா ஆடச் சொல்வார், மானம் போகக் கூடாது’ன்னாங்க. எந்த நாய் எத்தன தாவல்ல வருதுன்னு எண்ணி எண்ணி மனப்பாடம் பண்ணாங்க. கடைசி நாள் ஒரு அடி வாங்காம முடிச்சிட்டு, என்கூடக் கை குலுக்கிட்டுப் போனாங்க."

"இந்த மாதிரிப் பெட்டி கேட்டாங்களா?"

"நானே காட்டினேன். திட்டிட்டாங்க."

ரேடியோ மறுபடியும் கட்சி மாறினான்.

அண்ணி பெட்டியைக் கவுன்டரில் வைத்தார். "இதைச் சொருகி ஓட்டிக் காட்ட முடியுமா?"

கடைக்காரர் ஒரு மிஷினை இழுத்து, பெட்டியைச் சொருகி, அதன்மேல் தபால்காரர் கேசட்டைச் சொருகினார். கேம் வருவதற்கு முன்னால் டிவியில் ஒரு கறுப்புத் திரை வந்தது. கடைசியாகப் போட்ட எண்கள் அதில் அப்படியே இருந்தன. இதையே போடவா என்று பெட்டி கேட்டது.

"ஒவ்வொரு தடவையும் இப்படிக் கேக்கும். ஆமான்னு ஒரு பட்டனை அமுக்கினாத்தான் கேம் வரும்" என்றார் கடைக்காரர். அமுக்கினார். தபால்காரர் கூரைமேல் குதித்தார்.

ரோஸ் கலர் பேண்ட் போட்டிருந்தார்.

"ஆடுங்க தம்பி" என்று கடைக்காரர் கன்ட்ரோலரை நீட்டினார்.

ரேடியோ ஆடினான். சாகாவரம் பெற்றவன் மாதிரி நேராக நாய் வாயில் போய் விழுந்தான். திரையின் மூலையில் இருந்த உயிர்களில் ஒன்று குறைந்தது. அடுத்த கூரையில் இன்னொன்று. மூன்றாவது நாயிடம் ஆட்டமே முடிந்துவிட்டது.

"உயிர் குறையாதுன்னு சொன்னாங்களே" என்றான் பரிதாபமாக.

கடைக்காரர் கவுன்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்த கேம் ரெண்டு தடவை வந்துச்சு தம்பி. முதல்ல ஒண்ணு, அதுல இருந்த தப்பெல்லாம் திருத்தி அப்புறம் ஒண்ணு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி, உள்ள அடுக்கி வச்சிருக்கற விதம்தான் வேற. இந்த நம்பரு முதல்ல வந்ததுக்கு உள்ளது. அதுல உயிர் எவ்வளவுங்கற கணக்கு எங்க இருக்கோ, அங்க போய் உக்காந்துக்கும். திருத்தி வந்ததுல அதே இடத்துல பேண்ட் கலர் இருக்கு. பொட்டிக்கு என்ன தெரியும்? சொன்ன இடத்துல போய் உக்காந்துகிட்டு, பேண்டை ரோஸா ஆக்கிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சிக்குது."

"அப்ப நிஜமா பேண்ட் என்ன கலர்?" என்றார் அண்ணி.

"காக்கி. இந்தம்மா இங்க உக்காந்து ஆடினதெல்லாம் காக்கிதான்."

அண்ணி கடைக்கு வெளியே போய்ப் போனில் யாரிடமோ ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஒரு கேள்வி. ரேடியோ காதை எவ்வளவு நீட்டியும் லேமினேஷன் மிஷினின் சத்தம்தான் கேட்டது. பதிலைக் கேட்டதும் அண்ணி கண்ணை மூடித் திறந்தார். அண்ணியின் கணக்கில் அது விழுந்து விழுந்து சிரிப்பதற்குச் சமம். அப்புறம் இன்னொரு போன் போட்டார்.

திரும்பி வந்து, "தம்பி, உனக்குப் பல் வலிக்குதா?" என்றார்.

"இல்லையே."

"வலிக்குது" என்றார் அண்ணி.

*

பல் டாக்டரின் கிளினிக் பளிச்சென்று இருந்தது. சாய்வு நாற்காலியில் ரேடியோவை மல்லாத்திப் போட்டு, மேலே விளக்கை எரியவிட்டு, டாக்டர் அவன் வாய்க்குள் பஞ்சு உருண்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார். அகலமான முகம், இரண்டு நாளாகத் தூங்காத கண். அண்ணி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காத்திருக்கும் அறைக்குப் போகும் கதவு பாதி திறந்திருந்தது.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

ரேடியோவுக்கும் அது தெரியாது. "ஆ" என்றான்.

அண்ணி சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் உப்பிய ஒரு குழந்தை, முன்னால் முதல் பிறந்தநாள் கேக். கேக்மேல் சர்க்கரையில் செய்த ஒரு தபால்காரர்.

"உங்க பொண்ணா டாக்டர்?"

"ஆமா. அந்த கேக்கை நானே சொல்லிச் செய்ய வச்சேன்" என்றார் டாக்டர். அவர் குரலில் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய பெருமை ஒரு விநாடி வந்து போனது.

"தபால்காரருக்கு ரோஸ் பேண்ட் போட்டிருக்கீங்களே."

"அவர் பேண்ட் ரோஸ்தானே."

"இல்ல டாக்டர், காக்கி."

டாக்டரின் கை ரேடியோவின் கடைவாயில் நின்றுவிட்டது.

"இந்தக் கேஸை உங்க பொண்ணுதான் என்கிட்ட குடுத்தா. அவகிட்ட இன்னிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், தபால்காரர் பேண்ட் என்ன கலர்னு" என்றார் அண்ணி. "ரோஸ்னு உடனே சொல்லிட்டா. ‘ஏன் மேடம், வேற கலர்லயும் வருதா’ன்னு கேட்டா. அவ பொறந்ததுலேருந்து வேற கலரைப் பார்த்ததே இல்ல. சீட்டிங் பாக்ஸ் சொருகினாத்தான் அது ரோஸா மாறும். கேக் வெட்டின அன்னிக்கு சம்பந்தியம்மாவையும் அவங்க ஹேண்ட்பேக்கையும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

ரேடியோவுக்கு நெஞ்சு நிறைந்தது. சூடாகற மிஷின், வெளியே போங்க, கறுப்புத் திரை, பட்டன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடத்தில் வந்து பொருந்தின. அருமையான வசனங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றுகூட வெளியே வர வழியில்லை. வாய் முழுக்கப் பஞ்சு.

"ங்ங்கா" என்றான்.

"வாயை மூடாத தம்பி" என்றார் அண்ணி அன்பாக.

டாக்டர் கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலேயே நெற்றியைத் துடைத்தார்.

"நான்தான்" என்றார். "ஆரம்பத்துலேருந்தே. கல்யாணமான புதுசுல மச்சான்ங்க எல்லாரும் சேர்ந்து என்னை ஆட்டத்துல தோக்கடிச்சு ஓட்டிட்டே இருந்தாங்க. யாரோ இதைச் சொருகிப் பாருன்னு நம்பரைச் சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் நான் தோக்கவே இல்ல. எடுக்கவும் மனசு வரல. அன்னிக்கு ஏமாத்தியும் தோத்துட்டேன் மேடம். அந்த அதிர்ச்சியில இருக்கும்போதே மச்சான் துணியைத் தூக்கிட்டான். சம்பந்தியம்மாவைச் சொன்னதும், இல்ல நான்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஊருக்கே வாயைத் திறங்கன்னு சொல்றவன், எனக்கு வாய் வரல."

"உயிர் குறையறது திரையில தெரிஞ்சிருக்குமே. அதை நீங்க கவனிக்கலையா?"

"குறையும். ஆனா ஒரு தடவைகூட அது முழுசாத் தீர்ந்து போனதில்ல. உள்ள ரகசியமா நிரப்பிக்கிட்டிருக்குன்னு நினைச்சேன்."

"நிரப்பல டாக்டர். அந்த நம்பர் உங்ககிட்ட இருக்கற கேசட்டுக்கு உள்ளதே இல்ல. அது பேண்ட் கலரை மாத்தும். அதைத் தவிர ஒரு வேலையும் செய்யாது. கடையில இவனே சொருகி ஆடினான், மூணாவது நாய்கிட்ட முடிஞ்சுட்டான்."

டாக்டர் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ மல்லாந்தபடியே தலையாட்டினான். அவமானம்தான், ஆனால் சாட்சி சாட்சிதான்.

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

"நீங்களே ஜெயிச்சது."

சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று டாக்டரின் முகத்துக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்தது. "எனக்கு நிஜமாவே ஆட வருமா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அப்படின்னா நான் ஜெயிச்சது?"

குரல் கதவிலிருந்து வந்தது. கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள், அதே பெரிய ஹேண்ட்பேக்குடன் நின்றிருந்தார். அண்ணியின் இரண்டாவது போன் யாருக்கு என்று ரேடியோவுக்கு இப்போது புரிந்தது.

"அதுவும் நிஜம்தான் டீச்சர்" என்றார் அண்ணி. "உங்களுக்கும் அந்தப் பெட்டி ஒரு உதவியும் செய்யல."

டீச்சர் உள்ளே வந்தார். பல் டாக்டர் தன் கிளினிக்கிலேயே ஒதுங்க இடம் தேடினார்.

"சம்பந்தியம்மா, அந்த பாக்ஸ் வேலையே செய்யலியாம்" என்றார் மெல்ல.

"கேட்டேன் டாக்டர். பரீட்சையில பக்கத்துல இருக்கறவனைப் பார்த்து எழுதறவங்க உண்டு. சிலர் பார்த்து சரியா எழுதுவாங்க, சிலர் பார்த்தும் தப்பா எழுதுவாங்க. நான் ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வெளிய அனுப்புவேன்."

டாக்டர் தலையைக் குனிந்தார்.

"நீங்க ஏமாத்தினதுகூட எனக்குப் பெருசில்ல. அத்தன பேர் என்னைத் திருடி மாதிரி பார்த்தாங்க. நீங்க பக்கத்துலயே நின்னீங்க. என் பையன் முகத்தை நான் எப்படிப் பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"



டாக்டர் போனை எடுத்தார். யாரும் சொல்லவில்லை. அவராகவே ஸ்பீக்கரில் போட்டு, கருவித் தட்டின்மேல் வைத்தார்.

"மச்சான், நான் பேசறேன். ஞாயித்துக்கிழமை நீ தூக்கிப் பார்த்தியே, அந்த பாக்ஸ் என்னுது. சம்பந்தியம்மா கொண்டு வரல. எத்தனையோ வருஷமா நான்தான் சொருகி வச்சிருந்தேன். அவங்க நேர்மையா ஆடி என்னை ஜெயிச்சாங்க. நீ அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு முன்னாடி நான் கேக்கணும். இப்ப கேக்கறேன், அவங்க இங்கதான் நிக்கறாங்க." டீச்சரைப் பார்த்துக் கையைக் கூப்பினார். கையுறை இன்னும் கையில்தான் இருந்தது. "அன்னிக்கு வந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் இதையே நான் போன் போட்டுச் சொல்லப் போறேன். முதல்ல உனக்கு."

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"மச்சான்" என்றது தாய்மாமாவின் குரல் கடைசியில், மெதுவாக. "அப்ப கேரம்லயும்?"

டாக்டரின் காது மடல் சிவந்தது. போனை அணைக்கக் கையை நீட்டினார். கையுறை வழுக்கி, சத்தம்தான் இன்னும் கூடியது.

"சிவப்புக் காயி எப்பவும் உங்க பக்கத்துக் குழிக்கே போகுமே. போர்டுக்கு அடியில ஏதாவது முட்டுக் குடுத்திருந்தீங்களா? மச்சான்? லைன்ல இருக்கீங்களா?"

டாக்டர் போனை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். டிராயர் உள்ளேயிருந்து மச்சான், மச்சான் என்றது.

கணக்கு டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். உதட்டை மடித்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. மூச்சு வாங்கியபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் ஹேண்ட்பேக்கைத் திறந்து, அன்று கொடுக்காமல் திரும்பக் கொண்டுபோன புடவைப் பொட்டலத்தை எடுத்து டாக்டரின் கையில் வைத்தார்.

"பொண்ணுகிட்டக் குடுங்க. கல்யாண வேலையை ஆரம்பிங்க, சம்பந்தி" என்றார். "கேரம் போர்டு மட்டும் எங்க வீட்டுலேருந்து வரும்."